தடய விஞ்ஞானிகள் மாநாட்டில் ஒரு தமிழ்ச் சொல்

(எமது சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சாளர் லண்டனில் நீண்ட காலமாக மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுபவர். அவரது விருப்பத்துக்கு இணங்கப் பெயர் வெளியிடப்படவில்லை. பேச்சு வழக்கு கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது. – மலர்க் குழு)



தலைவர் என்னை அறிமுகப்படுத்தேக்க, "எங்கட அக்கா விஞ்ஞானிகள் மாநாட்டில பேசிப்போட்டு வந்திருக்கிறா" எண்டு சொன்னார். நான் ஏதோ கண்டுபிடிச்சுப் போட்டன் எண்டு சில பேர் நினைச்சிருப்பியள். நான் விஞ்ஞானியும் இல்லை, டொக்டரும் இல்லை. ஊரில ஏ.எல். சோதனையோட படிப்பு நிண்டுபோச்சு. உங்களில கன பேருக்கு என்னைத் தெரிஞ்சதே, ஆஸ்பத்திரியிலயோ சொலிசிற்றர் கந்தோரிலயோ உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில நான் இருந்தபடியாத்தான். நீங்கள் தமிழில சொல்லுவியள், நான் இங்கிலிசில சொல்லுவன். அவ்வளவுதான் என்ர தொழில்.

அகதி விண்ணப்பம் கேட்ட ஆக்களின்ர காயங்களைப் பார்த்து மருத்துவ அறிக்கை எழுதுற டொக்டர் அம்மா ஒருவரோட நான் கன வருசமா வேலை செய்யிறன். அவதான் ஒரு நாள் கேட்டா, "நீங்கள் எனக்குச் சொல்லித் தந்ததை எங்கட ஆக்களுக்கும் வந்து சொல்லுவீங்களோ?" எண்டு. அவ எங்கட ஆக்கள் எண்டது தடய விஞ்ஞானிகளையும் நீதி மருத்துவர்களையும். குற்றம் நடந்த இடத்தில ரத்தம், முடி, கண்ணாடித் துண்டு, கைரேகை எடுத்து ஆராயிற ஆக்கள். அவையள் மான்செஸ்ரரில கூடினம். எனக்குப் பதினைஞ்சு நிமிசம். முதலில மாட்டன் எண்டுதான் சொன்னனான். ஏன் பிறகு ஓம் எண்டன் எண்டதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுறன்.

யூஸ்ரனில ரெயின் ஏறி ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் போக வேணும். அந்த நேரம் முழுக்க எழுதிக்கொண்டு போன பேப்பரைப் பாடமாக்கிக்கொண்டே போனன். வாசலில பேர் எழுதின அட்டையைத் தந்து கழுத்தில போடச் சொல்லிச்சினம். என்ர பேருக்கு முன்னால டொக்டர் எண்டு அடிச்சிருந்தது. வந்த ஆக்கள் எல்லாரும் டொக்டர்தான் எண்டு நினைச்சிருப்பினம் போல. பேனை வாங்கி அதை வெட்டிப் போட்டுத்தான் உள்ள போனன். பொய்ப் பட்டத்தோட ஏறி உண்மையைப் பற்றிப் பேசினால் சரிவராது கண்டியளோ.

உள்ள போனால் கோயில் திருவிழாக் கடைத் தெரு மாதிரி. கைரேகை எடுக்கிற தூள், தூரிகை, ரத்தம் பட்ட இடத்தை நீல வெளிச்சமாக் காட்டுற லூமினோல், எச்சில் எடுக்கிற பஞ்சுக் குச்சி, பிரேதம் வைக்கிற பை எண்டு எல்லாத்துக்கும் ஒவ்வொரு மேசை. பிரேதப் பை விக்கிற பெடியன் இனிப்பு நீட்டினான். எடுக்கிறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை, பிறகு எடுத்தனான்.

காலமை ஒரு பேச்சாளர் எட்மண்ட் லொக்கார்ட் எண்ட பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொன்னார். 1910 இல் லியோன் நகர நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடி அறையில் முதன்முதல் பொலிஸ் ஆய்வுகூடம் ஒன்றைத் தொடங்கியவர் அவர். ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொட்டால் அடையாளம் விடாமல் போகாது என்பதுதான் அவருடைய கொள்கை. அதுக்குப் பிறகு ஒரு அம்மா எழும்பி, அந்த அடையாளத்தை எப்படிப் பாதுகாக்கிறது எண்டு காட்டினா. ஒரு துண்டு கண்ணாடி எடுத்தால் பையில போட்டு, சீல் வைச்சு, ஆர் எடுத்தது, எத்தனை மணிக்கு, ஆரிட்டக் குடுத்தது எண்டு எழுதிக் கையெழுத்து. அடுத்த ஆளும் கையெழுத்து. இடையில ஒரு கையெழுத்து இல்லாட்டில் நீதிமன்றத்தில அந்தக் கண்ணாடியின்ர கதை முடிஞ்சுது.

எனக்கு அதைக் கேக்க ஒரே யோசினை. கண்ணாடித் துண்டுக்கு இவ்வளவு கவனம். ஒரு மனிசன் தனக்கு நடந்ததைச் சொல்லுறான், அது என்ர வாயால போகுது, டொக்டரின்ர பேனைக்குள்ள போகுது, தட்டச்சாகி சொலிசிற்றரிட்டப் போகுது, நீதவானிட்டப் போகுது. அந்தச் சொல்லை ஆர் பையில போட்டுச் சீல் வைக்கினம்? அவன் சொன்ன தமிழ்ச் சொல் எந்த இடத்திலயும் பதியப்படுறதில்லை.

நீங்கள் நினைப்பியள், இந்த விஞ்ஞானிகளுக்குச் சொல்லைப் பற்றி என்ன கவலை எண்டு. நானும் அப்படித்தான் நினைச்சனான். ஆனால் அவையளுக்குள்ளயே சொல்லுக்காகப் பெரிய சண்டை. 2009 இல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வுக்குழு ஒன்று, தடய விஞ்ஞானத்தின் குறைகளை எடுத்து ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன குறைகளில் ஒன்று, "ஒத்துப்போகிறது", "பொருந்துகிறது" என்ற சொற்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தத்தில் எழுதுகிறார்கள், ஒரு அளவுகோல் கிடையாது என்பது. ஒரு முடியைப் பார்த்து "பொருந்துது" எண்டு ஒருத்தர் எழுதினால், அது அந்த ஆளின்ர முடிதானோ, இல்லாட்டில் ஆயிரம் பேரில ஒருத்தரின்ரயோ எண்டு ஆருக்கும் தெரியாது. பத்து வருசத்துக்கு மேலாகியும் அந்தச் சண்டை முடியேல்லை. தேத்தண்ணி இடைவேளையிலயும் அதைத்தான் கதைச்சினம்.

"பொருந்துது" எண்ட இந்தச் சொல் எங்கட வீடுகளில எத்தனை நித்திரையைக் கெடுத்திருக்கு! றிப்போட் வந்தோடன எனக்குப் போன் வரும். "அக்கா, டொக்டர் கொன்சிஸ்ரன்ற் எண்டுதான் எழுதியிருக்கிறா, அப்ப நம்பேல்லையோ?" எண்டு. அதை இந்த இடத்தில விளங்கப்படுத்திப் போடுறன், ஏனெண்டால் இது இண்டைக்கும் வழக்கு நடக்கிற ஆக்களுக்குத் தேவை.

சித்திரவதைக் காயங்களை எப்படிப் பார்த்துப் பதிவது என்று 1999 இல் ஒரு கைந்நூல் உருவானது. இஸ்தான்புல் நெறிமுறை என்று அதற்குப் பெயர். ஐக்கிய நாடுகள் சபை அதை வெளியிட்டது. 2022 இல் திருத்திய பதிப்பும் வந்தது. அதில் காயத்துக்கு ஐந்து படி இருக்கிறது. சொன்ன கதைக்குப் பொருந்தவில்லை என்பது முதற் படி. பொருந்துகிறது என்றால், சொன்னபடி நடந்திருக்கலாம், ஆனால் வேறு பல காரணங்களாலும் வந்திருக்கலாம். மிகவும் பொருந்துகிறது என்றால் வேறு காரணங்கள் சிலதான் இருக்க முடியும். அதுக்கு மேல, இந்த வகைச் சித்திரவதையில வழக்கமாக் காணுற தோற்றம் எண்டு ஒண்டு. கடைசிப் படி, சொன்ன விதத்தைத் தவிர வேற எந்த விதத்திலயும் வந்திருக்க ஏலாது எண்டது. கடைசிப் படியை டொக்டர்மார் லேசில எழுதமாட்டினம். அதால "பொருந்துது" எண்டு கண்டோடன அழத் தேவையில்லை. ஒவ்வொரு தழும்பையும் தனித்தனியப் பார்க்கிறதிலும் பார்க்க எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிறதுதான் முக்கியம் எண்டும் அதே நெறிமுறை சொல்லுது. தழும்பே இல்லை எண்டதுக்காக ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லக் கூடாது எண்டும் சொல்லுது.

மாநாட்டில எங்கட ஆள் ஒருத்தரின்ர வழக்கையும் எடுத்துக் கதைச்சினம். நீதிமன்றப் பதிவில கே.வி. எண்ட ரெண்டு எழுத்துத்தான். 2011 இல் இங்கிலாந்துக்கு வந்தவர். தடுப்புக்காவலில் இருந்தபோது சூடாக்கிய இரும்புக் கம்பியால் கையிலும் முதுகிலும் சுட்டதாகச் சொன்னார். பரிசோதித்த டொக்டர் ஒரு வித்தியாசத்தைக் கண்டார். கையில் உள்ள தழும்பின் விளிம்பு மங்கல், முதுகில் உள்ளதின் விளிம்பு துல்லியம். கையில் சுடும்போது உணர்வு இருந்தது, இழுத்திருப்பார். முதுகில் சுடும்போது நினைவு தப்பிவிட்டது, அசையவில்லை. அவர் சொன்ன கதையும் இதுதான். ஆனால் 2014 இல் மேல் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தானே கேட்டு, மயக்க மருந்து எடுத்துக்கொண்டு, இன்னொருவரைக் கொண்டு சுடுவித்திருக்கலாம் என்ற சந்தேகம். 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு நீதியரசர் மட்டும் மாறாக எழுத, பெரும்பான்மை அவருக்கு எதிராகப் போனது. 2019 மார்ச் 6 இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். தழும்பு சூட்டுக் காயமா என்று மட்டுமல்ல, அவர் சொன்ன விதத்தில் அது வந்திருக்குமா என்பதையும் டொக்டர் சொல்லலாம் என்றார்கள். அகதிகள் இப்படித் தங்களைத் தாங்களே இன்னொருவரைக் கொண்டு காயப்படுத்துவதற்கு ஆதாரம் ஏறக்குறைய இல்லை என்றும் எழுதினார்கள். வழக்கு மறுபடி விசாரணைக்கு அனுப்பப்பட்டது.

எட்டு வருசம்! சூடு காய்ஞ்சு போச்சு, வழக்குக் காயேல்லை.

மண்டபத்தில எல்லாரும் விளிம்பைப் பற்றிக் கதைக்கினம். எனக்கு ஓடினது வேற. இந்த மாதிரி ஒரு வழக்கு முழுக்க நினைவு தப்பினதோ இல்லையோ எண்டதில தங்கி நிக்குது. நாங்கள் அதுக்கு என்ன சொல்லுவம்? "மயக்கம் வந்திட்டுது" எண்டுவம். தலை சுத்தினாலும் மயக்கம், கண் இருண்டாலும் மயக்கம், ஒண்டும் தெரியாமல் விழுந்து கிடந்தாலும் மயக்கம். பக்கத்தில இருக்கிற மொழிபெயர்ப்பாளர் தலைச்சுத்து எண்டு சொன்னால், தலை சுத்தின மனிசன் ஏன் முதுகை அசைக்கேல்லை எண்டு கேள்வி வரும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ர முறை. சாப்பிடேல்லை. மேடையில ஒரு சின்னப் பெட்டி, அதில பச்சை, மஞ்சள், சிவப்பு லைற். மஞ்சள் வந்தால் ரெண்டு நிமிசம் இருக்கு. என்ர மகள் பேப்பரை முதலே திருத்தித் தந்தவள். "அம்மா, மூண்டு இடத்தில சொறி சொல்லுறீங்கள், எடுத்து விடுங்கோ, ஆரும் சொறி சொல்லிப் பேசிறதில்லை" எண்டாள். ரெண்டை எடுத்திட்டன். ஒண்டை விட்டிட்டன். அந்த ஒண்டு ஏன் எண்டதுதான் நான் மான்செஸ்ரருக்குப் போன கதை.

யுத்தம் முடிஞ்ச காலத்தில வந்த ஒரு தம்பி. முதல் நேர்முகத்துக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. காலமையில இருந்து அது எனக்கு நாலாவது ஆள். என்ன செய்தவை எண்டு கேக்க, "கையில சுட்டவங்கள்" எண்டு சொன்னான். நான் ஷொட் எண்டு சொன்னன். துவக்கால சுட்டது எண்டு. யோசிக்கவே இல்லை. சண்டைக்குள்ளால வந்த பெடியன், சுட்டது எண்டால் வேற என்ன? அவன் சொன்னது சிகரெட்டாலயும் காய்ச்சின கம்பியாலயும் சுட்டதை. எங்கட மொழியில தோசை சுடுறதும் சுடுறதுதான், துவக்கால சுடுறதும் சுடுறதுதான். கை எண்டது மணிக்கட்டுக்குக் கீழயும் கை, தோளில இருந்தும் கை. அதையும் நான் மணிக்கட்டுக்குக் கீழ எண்டு சொன்னன். ஒரு வசனம், ரெண்டு சொல்லு, ரெண்டு பிழை.

பிறகு டொக்டர் பார்த்தால் முழங்கைக்கு மேல சூட்டுத் தழும்பு. துவக்குச் சூடு இல்லை. மறுப்புக் கடிதத்தில எழுதியிருந்தது, முதல் ஒரு கதை, இப்ப ஒரு கதை, ஆகவே நம்பத் தகுந்தவர் அல்ல எண்டு.

எனக்கு ஒண்டும் தெரியாது. ஒரு வருசத்துக்கு மேல கழிஞ்சு, தமிழ்க் கடையில முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நிக்கிறன், "அக்கா, நீங்கள்தானே அண்டைக்கு இருந்தனீங்கள்" எண்டு ஒரு குரல். கோபத்தோட கேக்கேல்லை. அந்தக் கடிதத்தை மடிச்சுப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். அரிசி மூட்டைக்கு மேல விரிச்சுக் காட்டினான். வாசிக்க வாசிக்க என்ர கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு.

வீட்ட போய் இவரிட்டச் சொன்னன். "எழுதிக் குடுத்தால் உனக்கு இனி வேலை தருவினமோ?" எண்டு கேட்டார். நியாயமான கேள்விதான், அப்ப வீட்டுக் கடனும் இருந்தது. மூண்டு நாள் பேசாமல் இருந்தனான் எண்டதை இந்தச் சபையில மறைக்கேல்லை. நாலாம் நாள் அந்தத் தம்பியின்ர சொலிசிற்றருக்குக் கடிதம் எழுதினன். சொன்ன தமிழ்ச் சொல் இது, அதுக்கு ரெண்டு அர்த்தம், பிழை என்னுடையது எண்டு. அப்பீலில அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொண்டிச்சினம், விசா கிடைச்சுது. ஆனால் அதுக்கிடையில ரெண்டு வருசம் போச்சு. அந்த ரெண்டு வருசத்துக்குள்ள ஊரில அவன்ர தாய் மோசம் போனா. போக ஏலேல்லை.

மாநாட்டில இதைச் சொல்லலாமோ எண்டு அவனிட்டப் போன் எடுத்துக் கேட்டனான். "என்ர பேரைச் சொல்லாதேங்கோ அக்கா, சொல்லைச் சொல்லுங்கோ" எண்டான். இண்டைக்கும் அந்த அனுமதியோடதான் சொல்லுறன்.

மேடையில இந்தக் கதையைத்தான் முதல் சொன்னன். முன்னூறு பேர் இருக்கிற மண்டபம், ஒருத்தர் கூட இருமேல்லை. பிறகு சுவரில ஒவ்வொரு சொல்லாக் காட்டினன். கால் எண்டால் தொடையில இருந்து பாதம் வரைக்கும் கால். "காலில அடிச்சவங்கள்" எண்டு ஒருத்தர் சொல்ல, டொக்டர் முழங்காலுக்குக் கீழ தழும்பு தேடுறா, அடி விழுந்ததோ உள்ளங்காலில. நாரி எண்டால் எங்களுக்கு இடுப்புக்குப் பின்பக்கம், வேற ஊர்த் தமிழர் கன பேருக்கு அந்தச் சொல்லே விளங்காது. இந்தியாவில இருந்து வந்த ஒரு தங்கச்சி, நல்ல மொழிபெயர்ப்பாளர், "மேலெல்லாம் நோகுது" எண்டதை உடம்பின்ர மேல்பாதி எண்டு சொன்னவ. அவவில பிழை இல்லை, எங்களுக்கு மேல் எண்டால் உடம்பு எண்டு அவவுக்கு ஆர் சொன்னது? கையைப் பின்னால கட்டித் தூக்கின ஆக்கள் "தோள் விறைப்பு" எண்டு சொல்லுவினம். விறைப்பு எண்டால் உணர்ச்சி இல்லாததும்தான், மடக்க ஏலாததும்தான். உணர்ச்சி இல்லை எண்டால் நரம்பு பழுதாப் போயிருக்கலாம், அப்படித் தூக்கிக் கட்டினால் வாற முக்கியமான அடையாளம் அது. மடக்க ஏலாது எண்டு மட்டும் எழுதினால் வாதம் எண்டு விட்டிடுவினம்.

மாதக் கணக்கையும் சொன்னனான். "சித்திரை வருசத்துக்கு முதல்" எண்டால் ஏப்ரல் 14 க்கு முன்னம். ஆடி எண்டால் ஜூலை நடுவில தொடங்கி ஓகஸ்ட் நடு வரைக்கும். ஆடியை ஜூலை எண்டு எழுதிப்போட்டு, பிறகு ஓகஸ்ட் 10 எண்டு சொன்னால் பொய் எண்டுவினம்.

கடைசியாக் காட்டினது ஒரு வசனம். "கூடாத மாதிரி நடந்தவங்கள்." அதை அப்படியே மாற்றினால், மரியாதை இல்லாமல் நடந்தவை எண்டுதான் இங்கிலிசில வரும். அந்த வசனத்துக்குள்ள என்ன இருக்கு எண்டு இந்த மண்டபத்தில இருக்கிற பெரிய ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொம்பிளையள் மட்டுமில்லை, ஆம்பிளையளும் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கினம். சொல்லேக்க நிலத்தைப் பார்ப்பினம். நிலத்தைப் பார்த்தது றிப்போட்டில வராது.

மஞ்சள் லைற் வந்தது தெரியும். சிவப்பு வந்தது தெரியாது.

கேள்வி நேரத்தில ஒரு வயசான ஐயா எழும்பினார். முப்பது வருசம் சாட்சி சொன்ன ஆள் எண்டு தன்னை அறிமுகப்படுத்தினார். "நீங்கள் சொல்லுறதைப் பார்த்தால் மொழிபெயர்ப்போட வந்த எந்த அறிக்கையையும் நம்பேலாதே?" எண்டு கேட்டார். கொஞ்சம் காரமான குரல். எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. பிறகு சொன்னன், "ஐயா, காலமை நீங்கள் ஆய்வுகூடத்தில நடக்கிற பிழை வீதத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைச்சீங்கள். அதுக்காக ஆய்வுகூடத்தை மூடச் சொல்லேல்லையே. பிழை எங்க வரும் எண்டு அறிஞ்சு வைக்கச் சொன்னீங்கள். நானும் அதைத்தான் கேக்கிறன்." ஆக்கள் சிரிச்சினம், அவரும் சிரிச்சார். எப்படி அறியிறது எண்டு கேட்டார். தொட்டுக் காட்டச் சொல்லுங்கோ. உடம்புப் படம் கீறி அதில அடையாளம் வையுங்கோ, அது இஸ்தான்புல் நெறிமுறையிலயே இருக்கு. என்னத்தால எண்டு ஒவ்வொரு காயத்துக்கும் கேளுங்கோ. முக்கியமான இடத்தில அவர் சொன்ன சொல்லை, இங்கிலிஸ் எழுத்திலயாவது அப்படியே றிப்போட்டில எழுதுங்கோ. நாளைக்கு இன்னொரு தமிழ் தெரிஞ்ச ஆள் பார்த்துச் சொல்ல ஏலும்.

எல்லாரும் ஏற்றுக்கொண்டினம் எண்டு சொல்லமாட்டன். இதுக்கெல்லாம் நேரம் எங்க எண்டு ஒருத்தர் முணுமுணுத்துக்கொண்டு வெளிய போனார். ஆனால் சூட்டுக் காயத்தில தேர்ச்சியான ஒரு டொக்டர் அம்மா வந்து, தன்ர நிகழ்ச்சிப் புத்தகத்தின்ர பின்பக்கத்தில "சுடு" எண்டு தமிழில எழுதித் தரச் சொன்னா. எழுதிக் குடுத்தன். எத்தனை எழுத்து எண்டு கேட்டா. ரெண்டு எண்டன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிண்டா.

அவையளுக்குச் சொன்னதை அவையளுக்குச் சொன்னன். உங்களுக்கு ஒண்டு. டொக்டரிட்டயோ நேர்முகத்துக்கோ போறியள் எண்டால், மொழிபெயர்ப்பாளருக்கு முகம் பார்க்காதேங்கோ. நான் இருந்தாலும் சரி. எங்கட சனம் "பாவம் அந்தப் பிள்ளை, குறை சொன்னால் வேலை போயிடும்" எண்டு பேசாமல் இருக்கும். நான் அதைக் கண்டிருக்கிறன். உங்களுக்குக் கொஞ்சம் இங்கிலிஸ் தெரிஞ்சு, பிழையாச் சொல்லுறா எண்டு பட்டால் அந்த இடத்திலயே சொல்லுங்கோ. ஊர்த் தமிழ் விளங்கேல்லை எண்டால் வேற ஆளைக் கேக்கலாம், அது உங்கட உரிமை. ஆம்பிளையோ பொம்பிளையோ வேணும் எண்டும் முதலே கேக்கலாம். முடிய, வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. சுட்டவை எண்டு சொல்லாமல், சிகரெட்டால, கம்பியால, துவக்கால எண்டு சொல்லுங்கோ. கை எண்டு சொல்லாமல் தொட்டுக் காட்டுங்கோ.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், பொங்கல் ஆறுதாம். ஒரு வேண்டுகோளோட நிப்பாட்டுறன். சங்க நூலகத்தில ஒரு பெரிய கொப்பி வைச்சிருக்கிறன். நோவுக்கும் காயத்துக்கும் உடம்புக்கும் ஊரூராச் சொல்லுற சொல்லுகளை எழுதுறதுக்கு. நோ, உழைவு, குத்து, எரிவு, கடுப்பு எண்டு எங்கட பக்கத்துச் சொல்லு கனக்கச் சேர்ந்திட்டுது. மட்டக்களப்புப் பக்கம் குறைவு. மன்னார் ரெண்டு பக்கம்தான். மலையகத்துக்கு ஒரு பக்கமும் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு அங்க இருப்பன். அந்தத் தம்பியும் வாறவன், அவனுக்கு எழுத்து வடிவு, அவன்தான் எழுதுறது. உங்கட அம்மா, அம்மம்மாமாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. தேத்தண்ணி நான் போட்டுத் தருவன்.